இலுப்பைப் பூ போதுமா?

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பது பழமொழி. அந்த இலுப்பையின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கும் ஊர், புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர். அங்கும், அக்கம்பக்கத்து அன்னவாசலிலும், விராலிமலையிலும், குடுமியான்மலையிலும், ஏன், தமிழ்நாட்டு ஊர் எதிலும், ஒரு பெண்ணின் காதில் இந்தப் பழமொழி வேறு சொற்களில் ஓதப்படுவதை நாம் கேட்கலாம்.

"இன்னொருத்தியைக் கட்டினால் என்னடி? உன்னைத் தள்ளியா வைத்துவிட்டான்? மூத்தாள் என்ற பேர் உனக்குத்தானே? வாரத்தில் இரண்டு நாள் வந்து போகிறானே, அது போதாதா?"

கேட்பவர் பகைவர் அல்லர். பெற்ற தாய் கேட்கிறாள். உடன்பிறந்த அண்ணன் கேட்கிறான். பஞ்சாயத்துத் திண்ணையில் வெற்றிலை மெல்லும் பெரியவர் கேட்கிறார். சர்க்கரை கிடைக்கவில்லையா, பூவைச் சுவைத்துக்கொள் என்பதே அந்த உபதேசத்தின் சாரம். நாம் கேட்கிறோம்: அவள் ஊரில் ஆலை இல்லாமல் போனது ஏன்? முழு வாழ்வுக்கு உரியவளைக் கால்வாழ்வுக்குப் பழக்கியவர் யார்?

இரண்டு பெண்டாட்டிக்காரனைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது? "பாவம், திண்டாடுகிறான்" என்கிறது! மூத்தாள் ஒருபுறம் இழுக்க, இளையாள் மறுபுறம் இழுக்க, நடுவிலே அவன் படும் பாட்டை நாடகமாக்கி, படமாக்கி, நகைச்சுவையாக்கிச் சிரிக்கிறது. அனுதாபம் முழுதும் அவனுக்கு! அரைப்படி அரிசியோடு உலை வைத்துவிட்டு, அவன் இன்று எந்த வீட்டுக்குப் போனானோ என்று வாசலையே பார்த்திருந்தவளுக்கு என்ன கிடைத்தது? போதுமடா சாமி என்று அவள் எழுந்து நடந்தால் ஒரு வசைமொழி கிடைத்தது: வாழாவெட்டி!

அவனைக் கேட்டுப் பாருங்கள். "சாமிக்கே இரண்டு" என்று விராலிமலையைக் கைகாட்டுவான். தம்பி, மலைமேல் நிற்பவருக்கு முகம் ஆறு, கை பன்னிரண்டு என்கிறது நீ படித்த புராணம். உனக்கு முகம் ஒன்று, கை இரண்டு, வாங்கும் கூலியும் ஒன்று! அந்த ஒற்றைக் கூலியை இரண்டு அடுப்புக்குப் பங்கு வைத்தால் இரண்டிலும் அரைவயிறு, பிள்ளைகளுக்குக் கால்வயிறு. அந்தப் பசிக்குப் புராணம் சோறு போடுமா?

விராலிமலை மயிலுக்கும் பேர்போன இடம். மயில் என்றதும் தமிழ் படித்தவன் நினைவுக்கு வருகிறவன் பேகன். குளிரில் நடுங்குகிறதென்று மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல். அந்த வள்ளல்தான், மனைவி கண்ணகியைத் தவிக்கவிட்டு வேறொருத்தியின் வாசலில் கிடந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் அவளுக்காகப் பரிந்து பாடிய ஐந்து பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளன. புலவர் நெஞ்சம் அவள் பக்கம் நின்றது. அது தமிழுக்குப் பெருமை. ஆனால் எண்ணிப் பாருங்கள்! நான்கு பெரும்புலவர் சேர்ந்தும் கேட்க முடிந்தது அருளை, உரிமையை அல்ல. அவன் மனம் இரங்கினால் அவளுக்கு வாழ்வு. இரங்காவிட்டால்? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நூற்றாண்டுகள் பல காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் திறந்த கதவு

1946-இல் ஒரு கதவு திறந்தது. கணவன் மறுமணம் செய்துகொண்டால், இந்து மனைவி அவனை விட்டுத் தனியே வாழலாம், ஜீவனாம்சமும் கேட்கலாம் என்று பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டம் வந்தது. ஆனால் இலுப்பூர் அன்று தொண்டைமான் மன்னரின் சமஸ்தானத்துக்குள் இருந்தது. எல்லைக்கு அப்பால் மணப்பாறையில் இருந்தவளுக்குச் சட்டம் உண்டு. எல்லைக்கு இப்பால் இலுப்பூரில் இருந்தவளுக்கு அது தானாக வந்து சேரவில்லை. ஒரே மொழி, ஒரே வானம், ஒரே கண்ணீர்; சட்டம் மட்டும் எல்லைக்கல்லில் நின்றுவிட்டது!

1948 மார்ச் 3-ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1949-இல் சென்னை மாகாணம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கும் வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. 1955-இல் இந்தியா முழுமைக்கும் இந்து திருமணச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே இரு மனைவியரைக் கொண்டிருந்தவன் வீட்டிலிருந்து மூத்தாளும் மணவிலக்குக் கேட்கலாம், இளையாளும் கேட்கலாம் என்று அதன் 13-ஆம் பிரிவு சொன்னது. கணவனுக்கு இன்னொரு மனைவி உயிரோடிருந்தால், தனியே வாழ்ந்துகொண்டே ஜீவனாம்சம் பெறும் உரிமையை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. முதல் மனைவி இருக்க இரண்டாவது தாலி கட்டுவது ஏழாண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். அன்று அது 494-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு.

இவ்வளவு இருக்கிறதே, பிறகென்ன என்பீர்கள். சட்டம் கதவைத் திறந்தது. ஆண் சன்னலைக் கண்டுபிடித்தான்! "இரண்டாவது கல்யாணமா? அது கல்யாணமே இல்லை! ஓமம் வளர்க்கவில்லை, ஏழடி நடக்கவில்லை" என்று கூண்டில் ஏறிச் சொன்னான். சடங்கு முறைப்படி நடந்ததாக மெய்ப்பிக்காவிட்டால் இருதாரக் குற்றம் ஆகாது என்று 1965-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தாலி கட்டும்போது பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தவர்கள், சாட்சி சொல்ல அழைத்தால் ஊரிலேயே இல்லை!

இங்கேதான் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றைத் தோழர்கள் அறிய வேண்டும். 1970-இல் மணமானவள் ஒருத்தி. மூன்று குழந்தைகள். கொடுமை தாங்காமல் கணவன் வீட்டைவிட்டு வெளியேறினாள். 1984 ஜூனில் அவன் திருத்தணியில் ஒரு மண்டபத்தில் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டினான். அவள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை, வழக்குத் தொடுத்தாள். அவன் தரப்பின் வாதம் என்ன தெரியுமா? சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே அல்ல! விசாரணை நீதிமன்றம் அவனை விடுவித்தது. அவள் விடவில்லை. உயர்நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்றது. அவன் உச்ச நீதிமன்றம் போனான். 2001 ஆகஸ்டில் அங்கும் அவளே வென்றாள்.

எதைக் கொண்டு வென்றாள்? 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு நிறைவேற்றி, 1968-இல் நடைமுறைக்கு வந்த 7அ பிரிவைக் கொண்டு! சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கிய பிரிவு அது. "ஐயர் இல்லாத கல்யாணமும் ஒரு கல்யாணமா?" என்று கேலி பேசிய காலம் உண்டு, 1953-இல் சென்னை உயர்நீதிமன்றமே அத்தகைய மணம் செல்லாது என்று சொன்னதும் உண்டு. அந்தக் கேலியைத் துடைக்க வந்த பிரிவு, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணமே என்றது. ஏழடி நடக்கவில்லை என்று தப்பப் பார்த்தவனின் காலை அந்தப் பிரிவே கட்டிப் போட்டது. ஓர் ஆணும் பெண்ணும் சமமாக இணைவதற்கென்று செய்த சட்டம், சமத்துவத்தை ஏமாற்றியவனைப் பிடிக்கும் பொறியாகவும் ஆயிற்று!

ஆனால், வெற்றி முழக்கத்துக்கு நடுவே ஒரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 1984-இல் தாலி, 2001-இல் தீர்ப்பு. பதினேழு ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் சோறு போட்டது எது? வாடகை கொடுத்தது எது? தீர்ப்பு வரும்வரை பிள்ளைகளின் பசி வாய்தா வாங்கிக்கொள்ளுமா?

அடுத்த தெருவைக் காட்டாதீர்

"பலதார மணமா? அது முஸ்லிம்களிடம் அல்லவா?" என்று கைகாட்டும் கூட்டம் ஒன்று உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கணவனுக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் இந்திய அளவில் 100-க்கு 1.4 பேர். இந்துக்களில் 1.3, முஸ்லிம்களில் 1.9. சட்டம் தடுத்த வீட்டுக்கும் தடுக்காத வீட்டுக்கும் உள்ள தொலைவு இவ்வளவுதான்! தன் வீட்டுக் கூரை ஒழுகும்போது அடுத்த தெருக் கூரையைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு என்ன பெயர் வைப்பது?

முஸ்லிம் பெண்ணுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொண்டவன் அவளைச் சமமாக நடத்தவில்லை என்றால் அவள் மணவிலக்குப் பெறலாம் என்று 1939-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கணவன் இன்னொருத்தியை மணந்தால், எந்த மதத்தவளாயினும் அவள் விலகி வாழ்ந்து ஜீவனாம்சம் கேட்கலாம் என்று, கேரளத்திலிருந்து போன ஒரு பெண்ணின் வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "திரும்பி வா, வைத்துக்கொள்கிறேன்" என்றான் கணவன். அவள் வரமாட்டேன் என்றாள். அவள் மறுத்தது நியாயம் என்றது நீதிமன்றம். உலகத்தைப் பார்த்தால், துருக்கி 1926-லும் துனீசியா 1956-லும் பலதார மணத்தையே தடுத்துவிட்டன. இரண்டும் முஸ்லிம்கள் பெருகி வாழும் நாடுகள்.

நெடுந்தொலைவு போவானேன்? புதுக்கோட்டையிலேயே ஷெரிபா கானம் என்ற பெண்மணி 'ஸ்டெப்ஸ்' என்ற அமைப்பை நிறுவினார். ஜமாத்தில் ஆண்கள் மட்டும் கூடி, பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு அவள் வாழ்க்கைக்குத் தீர்ப்புச் சொல்கிறார்களே, பெண்களே ஒரு ஜமாத் கூட்டினால் என்ன என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் கூட்டியும் காட்டினார். தள்ளி வைக்கப்பட்டவள், இன்னொருத்தி வந்ததால் தெருவுக்கு வந்தவள், வரதட்சணையால் வதைபட்டவள் எல்லாரும் அங்கே வந்து, தம் வாயால் தம் வழக்கைச் சொன்னார்கள். தீபா தன்ராஜ் 2011-இல் எடுத்த ஆவணப்படம் அந்தக் காட்சிகளை உலகுக்குக் காட்டியது. திண்ணையில் இடம் கேட்டுக் கெஞ்சவில்லை. தமக்கென்று திண்ணை கட்டிக்கொண்டார்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளையாளை ஏசுவதால் மூத்தாளுக்கு விடிவு வராது. அவளும் ஏமாந்தவளே. "முதல் தாரம் சீக்காளி", "முதல் தாரத்தைத் தீர்த்துவிட்டேன்" என்ற பொய்யை நம்பிக் கழுத்தை நீட்டியவள். சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியே அல்லள். அவள் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் தந்தையின் பங்கில் உரிமை உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழாயடியில் இருவரும் முடியைப் பிடித்துக்கொள்ள, இருவரையும் ஏய்த்தவன் திண்ணையில் காற்று வாங்குகிறான். யாருக்கு யார் பகை?

கதவுக்கு அப்பால்

விலகுவதற்குச் சட்டம் கதவு. ஆனால் கதவுக்கு அப்பால் கால் வைக்க மண் வேண்டாமா? தன் கையில் கூலி, தலைக்கு மேல் கூரை, தான் போக நினைத்த இடத்துக்குத் தானே போகும் துணிவு ஆகிய மூன்றும் இல்லாதவளுக்கு, ஆயிரம் சட்டப் பிரிவுகள் இருந்தும் என்ன பயன்? எத்தனையோ பெண்கள் நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு கிடப்பது அன்பினால் அல்ல. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாததால்!

புதுக்கோட்டை இந்தப் பாடத்தை நாட்டுக்கே கற்பித்த மண். 1991-இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு இன்னொன்றையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது: சைக்கிள்! வயல்வேலை செய்பவள், கல் உடைப்பவள், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியை என்று ஆயிரமாயிரம் பெண்கள் மிதிக்கக் கற்றார்கள். 1992 மகளிர் நாளில் 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் அணிவகுத்தார்கள். "பெண் பிள்ளை சைக்கிள் விடுவதா?" என்று வாய்பிளந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

சைக்கிளுக்கும் இந்தப் பிரச்சினைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். உள்ளடங்கிய சிற்றூரில் இருப்பவள் பேருந்து நிற்கும் இடத்துக்கு வரவே ஒருவன் துணை வேண்டும் என்றால், அவள் எப்படி வக்கீலைப் பார்ப்பாள்? எப்படி வேலை தேடுவாள்? எப்படிச் சந்தைக்குப் போய்த் தன் முருங்கையையும் மோரையும் விற்றுக் காசாக்குவாள்? அவன் வைத்த இடத்தில் இருக்க வேண்டியவளாக இருந்தவள், நினைத்த இடத்துக்குப் போகிறவள் ஆனாள். விடுதலை என்பது சில நேரம் பெரிய சொல்லாக வருவதில்லை. இரண்டு சக்கரமாக வருகிறது!

அதே காலத்தில், அதே மாவட்டத்தில், கல்குவாரிகள் பலவற்றை ஒப்பந்தக்காரர்களிடமிருந்து எடுத்து, அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். கூலிக்குக் கை நீட்டியவள் கணக்கு நோட்டைப் பிடித்தாள். ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, முட்டுக்கட்டை போட்டார்கள். ஆனாலும் ஓர் உண்மை ஊருக்குத் தெரிந்துவிட்டது: சம்மட்டி பிடித்த கைக்குச் சாவியும் பிடிக்கத் தெரியும்!

படிப்பைச் சொல்லாமல் விட முடியுமா? 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியில் சேர முனைந்தபோது, பெண் வந்தால் கல்லூரி கெட்டுவிடும் என்று எதிர்த்தார்கள். அவர் மருத்துவரானார், சட்டமன்றம் புகுந்தார், ஆதரவற்ற பெண்களுக்காகச் சென்னையில் அவ்வை இல்லம் கண்டார். போக்கிடம் இல்லாதவளுக்குப் புத்திமதி சொல்லாமல், போக்கிடத்தைக் கட்டிக் கொடுத்தாரே, அதுதான் தொண்டு!

பிறந்த வீடு? அதுவும் போக்கிடம்தான், ஆனால் பிச்சையாக அல்ல. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபதாண்டு கழித்து, 1989-இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. 2005-இல் நாடே பின்பற்றியது. ஆகவே, விலகி வந்த தங்கைக்குத் தாழ்வாரத்தில் பாய் போட்டுவிட்டு "நான் சோறு போடுகிறேன்" என்று மீசை முறுக்கும் அண்ணனே, அவள் உண்பது உன் சோறு அல்ல. உன் தந்தை விட்டுப்போன நிலத்தில் அவள் பங்கில் விளைந்த நெல்!

அரசின் பக்கமும் குறை உண்டு, சொல்லத்தான் வேண்டும். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு ஓய்வூதியம் தரத் தமிழ்நாடு 1986-இல் திட்டம் கண்டது, நல்லது. ஆனால், ஐந்தாண்டுகளாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இல்லையேல் நீதிமன்றச் சான்று வேண்டும் என்று விதி வைத்தது. பசிக்கு ஐந்தாண்டு பொறுக்கத் தெரியுமா? முதல் ஆண்டில்தானே அவள் கால் தடுமாறும்? முதல் ஆண்டில்தானே "திரும்பிப் போய்விடு" என்று ஊர் நெருக்கும்? உதவி அப்போது வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

தோழர்களே! இதுவரை சொன்னதெல்லாம் பெண்களைப் பற்றியது அல்ல, நம்மைப் பற்றியது.

கொடிமரத்தடியில் சுயமரியாதை பேசிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு திசை பார்க்கிற தோழர் நம் அணியில் எங்கேனும் இருப்பாரானால், அவரிடம் நாம் நயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சாதியால் ஒருவன் தாழ்ந்தவன் அல்லன் என்று தொண்டை கிழியக் கத்திய அதே வாயால், தாலியால் ஒருத்தி தாழ்ந்தவள் என்று சொல்ல முடியாது. முதலாளி ஒரு வேலைக்கு இருவரை வைத்து அரைக் கூலி கொடுத்தால் வேலைநிறுத்தம் செய்கிறோமே, அதையே வீட்டில் நாம் செய்தால் அதற்கு என்ன பெயர்? அங்கே அவள் செய்கிற வேலைநிறுத்தத்துக்குப் பெயர்தான் விலகுதல்! கருங்காலி வேலை பார்த்து அதை முறியடிக்கலாமா நாம்?

ஆகவே, செய்ய வேண்டியவை இவை. முதல் மனைவி உயிரோடிருக்க நடக்கும் மணத்துக்கு எந்த அழைப்பு வந்தாலும் மாலையோடு போகாதீர்கள். போனவர்கள் சாட்சி சொல்லவும் போங்கள். தொழிற்சங்க ஏட்டில், வைப்புநிதித் தாளில், முதல் மனைவியின் பெயர் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் நாளை அவளுக்கு வயல். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதை வீடு வீடாகச் சொல்லுங்கள். சட்டப்பணி ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுங்கள். ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய்தான் உச்சம் என்ற பழைய வரம்பு 2001-லேயே நீங்கிவிட்டது. மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியிருக்கும் வீட்டிலிருந்து அவளை விரட்ட முடியாது என்று 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. இவற்றைத் தெரியாதவளுக்குத் தெரியச் சொல்வதைவிட நல்ல பிரச்சாரம் எது?

எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த முறை இலுப்பூரிலோ வேறு எங்கேயோ ஒரு திண்ணையில் பஞ்சாயத்துக் கூடும்போது, தலைகுனிந்து ஒருத்தி நிற்கும்போது, அவளைப் பார்த்து "ஏனம்மா திரும்பிப் போகக் கூடாது?" என்று கேட்க வாயெடுப்பவரை நிறுத்துங்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு.

"உனக்கு என்ன வேலை தெரியும் அம்மா? எந்த ஊரில் இருக்க விருப்பம்? பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும்?"

இந்த மூன்று கேள்விகளை எழுந்து கேட்கிற முதல் ஆண், நம் தோழனாக இருக்கட்டும்.